மாலத்தீவில் நிலத்தை எங்கே தேடுவது?

ஆறாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளுக்கு "ஓர் அண்டை நாடு" என்று ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள், அவள் மாலத்தீவை எடுத்துக்கொண்டாள். பரப்பளவு, மக்கள்தொகை, தலைநகரம் எல்லாம் இணையத்தில் கிடைத்துவிட்டன. ஆனால் "அங்கே இருக்கிற பிள்ளைங்க காலையில எழுந்து என்ன பண்ணுவாங்க? படகுலயா ஸ்கூலுக்குப் போவாங்க? அந்த நாடு நிஜமாவே முழுகிடுமா?" என்று அவள் கேட்டதற்குப் பதில் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்விகள். எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. இவ்வளவு கொஞ்சம் மண்ணை வைத்துக்கொண்டு ஒரு நாடு எப்படிப் பிழைக்கிறது என்பதைத்தான் அவள் கேட்கிறாள். நல்ல கேள்வி. மண் எவ்வளவு கொஞ்சம் என்று பிடிபட்டுவிட்டால், அங்குள்ள சாப்பாடு, பள்ளிக்கூடம், தண்ணீர், பயம் எல்லாம் தானாக விளங்கிவிடும்.

நான் நாகர்கோவில்காரி. 2006 முதல் 2015 வரை அங்கே பள்ளி ஆசிரியையாக இருந்தேன். முதல் ஏழு வருடம் தெற்கே ஹுவது அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத் தீவுக்கூட்டம்) சுமார் ஆயிரம் பேர் வாழும் ஒரு தீவில், கடைசி இரண்டு வருடம் தலைநகர் மாலேயில். வடக்குத் தீவுகளில் நான் வாழ்ந்ததில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சும் சமையலும் கொஞ்சம் வேறு. நான் திரும்பி வந்தும் பத்து வருடம் ஆகிவிட்டது. கண்ணால் பார்த்தவற்றை அந்தக் காலத்துச் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்களுக்கு 2022-ல் அவர்கள் எடுத்த மக்கள்தொகைக் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் வரைபடம். பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தப்பு, கன்னியாகுமரிக்குக் கீழே இலங்கை மாதிரி ஒரு தீவை வரைந்து பச்சை அடிப்பது. மாலத்தீவு அப்படி இல்லை. கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே, லட்சத்தீவின் கடைசித் தீவான மினிக்காயைத் தாண்டி எட்டாம் பாகைக் கால்வாய் என்ற கடல்வழி இருக்கிறது. அதைக் கடந்தால் மாலத்தீவின் வட முனை. அங்கிருந்து தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல், வடக்குத் தெற்காகப் புள்ளி புள்ளியாகத் தொங்குகிறது நாடு. வட அட்சம் 7 பாகையில் தொடங்கி நிலநடுக்கோட்டைத் தாண்டி, தென் அட்சம் ஒரு பாகையைத் தொடுவதற்குள் முடிகிறது. நிலநடுக்கோடு எந்தத் தீவிலும் விழவில்லை. எங்கள் ஹுவது அட்டோலுக்கும் ஃபுவஹ்முலா தீவுக்கும் நடுவே திறந்த கடலில் போகிறது. ஃபுவஹ்முலாவும் அதற்கும் தெற்கே இருக்கும் அட்டூ அட்டோலும் மட்டும் தென் அரைக்கோளம், மற்றதெல்லாம் வட அரைக்கோளம். உங்கள் மகள் இதை ஒரு சிவப்புக் கோடாகப் போட்டுக் காட்டினாலே வகுப்பில் பாதிப் பேர் வரையாததை வரைந்திருப்பாள்.

புள்ளிகளும் வெறும் புள்ளிகளில்லை, வளையங்கள். அட்டோல் என்ற சொல்லை உலகமே அவர்களுடைய திவெஹி மொழியிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் எரிமலைகள் எழும்பின. அவை மெல்ல அமிழ அமிழ, விளிம்பில் ஒட்டியிருந்த பவளம் வெளிச்சத்தைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போனது. மலை மறைந்துவிட்டது, அதைச் சுற்றியிருந்த பவள வளையம் மட்டும் நிற்கிறது. இந்த விளக்கத்தை 1842-ல் சார்லஸ் டார்வின் எழுதினார். அவர் மாலத்தீவுக்கு வந்ததே இல்லை என்பது வேறு விஷயம். வளையத்துக்குள்ளே அமைதியான உள்கடல், வெளியே ஆழ்கடல், வளையத்தின் மேல் அங்கங்கே சேர்ந்த மணல்தான் தீவு. அந்த வெள்ளை மணல் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அதில் பெரும்பங்கு கிளிமீன் (ஆங்கிலத்தில் parrotfish) பவளத்தைக் கடித்துத் தின்று வெளியே தள்ளிய கழிவு. எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன் பையிலிருந்த சிப்பிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கை கழுவ ஓடினான்.

இனி எண்கள். தீவுகள் 1,192 என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். எழுதிக்கொள்ளட்டும், ஆனால் பக்கத்தில் "ஏறத்தாழ" என்று போடச் சொல்லுங்கள். ஒரு மணல்திட்டு எப்போது தீவாகும் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. திட்டுகள் வருகின்றன, போகின்றன. மனிதர்களே கடலைத் தூர்த்துப் புதிதாகவும் செய்கிறார்கள். மக்கள் ஊராக வாழும் தீவுகள் 200-க்குச் சற்றுக் குறைவு. வேறு நூற்றைம்பதுக்கு மேற்பட்டவை சுற்றுலா விடுதித் தீவுகள். மற்றவற்றில் தென்னையும் நண்டும் பறவையும்தான். எல்லாத் தீவுகளையும் அள்ளி ஒன்றாகக் கொட்டினால் சுமார் 300 சதுர கிலோமீட்டர் தேறும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. ஒரு முழு நாட்டின் மண்ணும் சென்னைக்குள் அடங்கி, மிச்சமும் இருக்கும். ஆனால் அவர்களுக்கு உரிமையுள்ள கடலைச் சேர்த்தால் 9 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்கு. ஆகவே "மாலத்தீவு ஒரு சிறிய நாடு" என்று முதல் வரியிலேயே எழுதுவது பாதிதான் சரி. நிலத்தில் சிறியது, கடலில் மிகப் பெரியது.

2022 கணக்குப்படி மக்கள்தொகை 5 லட்சத்து 15 ஆயிரம். இதை அப்படியே எழுதிவிடாதீர்கள், இதற்குள் ஒரு செய்தி இருக்கிறது. அதில் 1 லட்சத்து 32 ஆயிரம் பேர் வெளிநாட்டார். நாலில் ஒருவர். பங்களாதேஷிகள் அதிகம், பிறகு இந்தியர், இலங்கையர், நேபாளிகள். கட்டடம் கட்டுவதும், விடுதியில் சமைப்பதும், ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் வேலை பார்ப்பதும் இவர்கள் பெருமளவில். என் பள்ளியின் ஆசிரியர் அறையில் திவெஹி, மலையாளம், தமிழ் மூன்றும் சேர்ந்துதான் கேட்கும். இரண்டாவது செய்தி, இந்த மக்களில் ஐந்தில் இரண்டு பங்கு தலைநகரிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் நெருக்கியடித்து வாழ்கிறது. மாலே தீவு ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரைமணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். அதற்குள் ஒரு தலைநகரம் முழுக்க நிற்கிறது. ஆளுக்கொரு ஸ்கூட்டர், கைநீட்டினால் எதிர்வீட்டுச் சுவர். நான் இருந்த அறையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு டிவியின் ரிமோட்டே எட்டும்போல இருக்கும். இந்த நெரிசலைத் தணிக்கத்தான் 1997-ல் பக்கத்துக் கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்ற புதுத் தீவை எழுப்பத் தொடங்கினார்கள். நான் இருந்தபோது அங்கே போகப் படகுதான். 2018-ல் பாலம் திறந்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். காலையில் என்ன நடக்கும்? மாலேயை விடுங்கள், அது எந்த நகரமும் மாதிரிதான். எங்கள் தெற்குத் தீவைச் சொல்கிறேன். விடியற்காலைத் தொழுகைக்கான பாங்கு முடிந்த கையோடு தெருவில் "சரக் சரக்" என்று சத்தம் கேட்கும். பெண்கள் தென்னை ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலையும் தெருவையும் பெருக்குவார்கள். தார் ரோடு கிடையாது, வெள்ளை மணல் தெரு. பெருக்கிய கோடுகள் சீப்பு வைத்து வாரியது போல இருக்கும். முதலில் நடக்கிறவருக்கு அதை மிதிக்கவே மனசு வராது. பிறகு மாஸ் ஹுனி. சூரை மீனைப் பிய்த்துப் போட்டு, துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கையால் பிசைந்தது. அதைத் தொட்டுக்கொள்ள ரோஷி, நம்முடைய சப்பாத்தியின் தங்கை. கூடவே பால் கலக்காத டீ. இது அநேகமாக எல்லா வீட்டிலும் எல்லா நாளும். பிறகு பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து வருவார்கள். ஆம், நடந்துதான். தீவின் நீளமே ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், எந்த வீட்டிலிருந்தும் பள்ளி பத்து நிமிடத்துக்குள். மக்கள் வாழும் தீவு என்றால் அங்கே ஒரு பள்ளி இருக்கும், எங்கள் பக்கத்தில் ஒரு தீவில் பிள்ளைகளே நூறு பேருக்குள்தான்.

படகு வருவது பத்தாம் வகுப்புக்குப் பிறகு. சின்னத் தீவுகளில் மேல்நிலை வகுப்பு நடத்தப் போதிய பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். பதினாறு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அட்டோலின் பெரிய தீவுக்கோ மாலேக்கோ போய், யாராவது உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கவேண்டும். பல குடும்பங்களில் பிள்ளையோடு அம்மாவும் போய்விடுவார், அப்பா விடுதித் தீவில் வேலையில் இருப்பார், ஊர் வீட்டில் பாட்டி மட்டும். மாலே ஏன் அப்படி வீங்கியது என்பதற்குப் புள்ளிவிவரத்தைவிட இந்தப் பெட்டிகள்தான் நல்ல விளக்கம். பாடங்கள் ஆங்கில வழியில். திவெஹி மொழியும் இஸ்லாமும் மட்டும் திவெஹியில். வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்குப் போவது எனக்குப் பழகவே ஒரு வருடம் ஆயிற்று. கடிகாரம் நம்மைவிட அரைமணி பின்னால்.

மண் இல்லாத ஊரில் பூகோளம் நடத்துவது என்னவென்று முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். ஐந்தாம் வகுப்பில் "ஆறு" என்று பாடம். கரும்பலகையில் மலை, அதிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, இரு கரையிலும் மரம் என்று வரைந்தேன். எல்லோரும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், இதுக்கு ரீஃப் எங்கே இருக்கு?" தண்ணீர் என்றால் சுற்றிப் பவளப்பாறை இருந்தாகவேண்டும் என்பது அவள் கணக்கு. அந்த வகுப்பில் யாரும் ஆற்றைப் பார்த்ததில்லை, மலையைப் பார்த்ததில்லை, ரயிலைப் பார்த்ததில்லை. நாட்டின் இயற்கையான உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டருக்குள்தான். நாயையும் பார்த்ததில்லை, அந்நாட்டில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ வந்து திரும்பிய பிள்ளைகள்தான் தெருநாயைப் பற்றி மற்றவர்களுக்குக் கதை சொல்வார்கள், நம்மூர்ப் பிள்ளைகள் புலியைப் பற்றிச் சொல்வது மாதிரி. அதே பெண்ணுக்கு, கடலின் நிறத்தைப் பார்த்து ஆழம் எவ்வளவு என்று சொல்லத் தெரியும். எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு மீனும் தேங்காயும் தவிர ஏறக்குறைய எல்லாமே வெளியிலிருந்து வரவேண்டும். அரிசி, மாவு, சர்க்கரை, பருப்பு, முட்டை, வெங்காயம் எல்லாம் கப்பலில். இங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் நெருங்கிய தொடர்பு. தூத்துக்குடியிலிருந்து தோணிகளிலும் கப்பல்களிலும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் கட்டுமானச் சாமான்களும் காலங்காலமாக மாலேக்குப் போகின்றன. அவர்களுடைய படகின் பெயர் தோனி. நம் தோணிதான் அது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. யார் யாரிடம் வாங்கியது என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. அங்கிருந்து இங்கே வந்தது மாசிக் கருவாடு. சூரையை வேகவைத்து, புகையில் காட்டி, கட்டைபோல ஆகும்வரை வெயிலில் காயவைத்தது. திவெஹியில் மாஸ் என்றாலே மீன். எங்கள் தெற்கு அட்டோல்களில் சேப்பங்கிழங்கு இனத்துக் கிழங்கையும் பயிர் செய்வார்கள், கறிப்பலாவை வறுத்துத் தின்பார்கள். மீன் வேகவைத்த தண்ணீரை மணிக்கணக்காகச் சுண்டவைத்து ரிஹாகுரு என்று ஒரு கரும்பழுப்பு விழுது செய்வார்கள். முதல் நாள் வாசனைக்கு ஓடினேன், ஊர் திரும்பும்போது இரண்டு பாட்டில் கொண்டுவந்தேன். மாலையில் சிற்றுண்டி, அதில் ஒன்றின் பெயர் பஜியா. பெயரை நம்பி வாங்கினால் உள்ளே மீன் வைத்த சமோசா.

மீன்பிடிப்பை மட்டும் ப்ராஜெக்டில் தனியாக எழுதச் சொல்வேன், ஏனென்றால் அது உலகில் பல இடங்களில் மறைந்துவிட்ட முறை. சூரைக்கு அவர்கள் பெரிய வலை போடுவதில்லை. அதிகாலையில் பவளத்தை ஒட்டிச் சின்ன மீன்களை உயிரோடு பிடித்துப் படகின் அடித்தொட்டியில் வைத்துக்கொள்வார்கள். ஆழ்கடலில் சூரைக்கூட்டம் கண்ணில் பட்டதும் அந்தச் சின்ன மீன்களைக் கடலில் வீசுவார்கள். படகின் பின்பக்கமிருந்து தண்ணீரை மழைபோலப் பீய்ச்சுவார்கள். சூரை அதைக் குஞ்சுமீன்கள் துள்ளுவதாக நினைத்து மேலே வரும். ஆண்கள் வரிசையாக நின்று தூண்டில் கழியை வீசுவார்கள். அந்தத் தூண்டில் முள்ளுக்கு எதிர்க்கொக்கி கிடையாது. கழியைத் தலைக்கு மேலே ஒரு வீச்சு வீசினால் மீன் தானாகக் கழன்று பின்னால் தளத்தில் விழும். ஒரு நாள் என் மாணவனின் அப்பாவோடு நானும் போனேன். மீன்கள் முதுகுக்குப் பின்னால் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டேயிருக்க, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மீனும் சுற்றுலாவும்தான் நாட்டின் இரண்டு கால்கள், இன்று சுற்றுலாக் கால்தான் பெரியது. முதல் விடுதி 1972-ல் திறந்தது. 2024-ல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தார்கள், அதாவது மக்கள்தொகையைப் போல நாலு மடங்கு. இணையத்தில் நீங்கள் பார்க்கும் தண்ணீர்மேல் குடிசைகள் எல்லாம் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்று தனியே ஒதுக்கிய தீவுகள். ஊர்த் தீவில் அப்படி எதுவும் இருக்காது. என் மாணவர்களில் பலர் அப்பா வேலை செய்யும் விடுதிக்குள் கால் வைத்ததே இல்லை. ப்ராஜெக்டின் முகப்பில் அந்தக் குடிசைப் படத்தை ஒட்டவேண்டாம் என்பது என் சொந்த விருப்பம்.

குடிதண்ணீரைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கும். அதுதான் கிணற்றுத் தண்ணீர். அதிகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் பல தீவுகளின் குறுக்கே ஓடிப்போனது, சுமார் நூறு பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கந்தொல்ஹுதூ என்ற தீவையே மக்கள் விட்டுவிட்டு, சில ஆண்டுகள் கழித்து துவாஃபரு என்ற வேறொரு தீவில் குடியேறினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பல தீவுகளில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி இருந்தது, வாசலுக்கு வாசல் மழைநீர்த் தொட்டி நின்றது. மாலேக்கு மழைத்தொட்டி போதாது, கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். 2014 டிசம்பர் 4 அன்று அந்த ஆலையில் தீ பிடித்தது. ஊர் முழுக்கக் குழாய் வறண்டது. சுற்றிலும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. மறுநாளே இந்திய விமானப்படை விமானங்களில் தண்ணீர் வந்தது, பின்னாலேயே கடற்படைக் கப்பல். நானும் இரண்டு குடங்களோடு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க ஊர்த் தண்ணியா இது?" என்று கேட்டுச் சிரித்தார்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். திவெஹி சிங்களத்துக்கு நெருங்கிய உறவு. கிழமைப் பெயர்களைப் பாருங்கள்: ஞாயிறு ஆதீத்த, திங்கள் ஹோம, செவ்வாய் அங்காரா, புதன் புத, வியாழன் புராஸ்ஃபதி, வெள்ளி ஹுகுரு, சனி ஹொனிஹிரு. ஆதித்தன், சோமன், அங்காரகன், புதன், பிரகஸ்பதி, சுக்கிரன், சனி. 'ச' வர வேண்டிய இடத்தில் 'ஹ' வந்துவிடும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கான பழைய பள்ளிவாசல் மாலேயில் இருக்கிறது, பவளக் கல்லைச் செதுக்கி 1658-ல் கட்டி முடித்தது. அதன் பெயர் ஹுகுரு மிஸ்கீ, சுக்கிர மசூதி. அதேபோல மீனவர்கள் காற்றையும் மழையையும் பார்க்கும் நகை என்ற பஞ்சாங்கத்தில் ஆண்டை 27 பாகமாகப் பிரிப்பார்கள், ஒவ்வொன்றும் பதின்மூன்று பதினான்கு நாள். பெயர்கள் அஸ்ஸித, புருணு, கெதி, ரோணு என்று போகும். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி! எங்கள் பள்ளிக் காவலாளி "இது அத, படகு போகாது" என்று சொன்னபோது, அது நம் திருவாதிரை என்று உறைக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. எழுத்துக்குப் பெயர் தானா. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். ஆனால் அது அரபு எழுத்து அல்ல. முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரையிலிருந்தும், அடுத்த ஒன்பது அவர்களுடைய பழைய எண்களிலிருந்தும் பிறந்தவை. எண்களை எழுத்தாக்கிக்கொண்டவர்கள் உலகில் அதிகம் இல்லை.

வரலாற்றில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்து எழுதவேண்டும். இஸ்லாத்துக்கு முன் அங்கே பௌத்தம் இருந்தது, இடிந்த தூபிகள் இன்றும் மணல்மேடுகளாக நிற்கின்றன. 1153-ல் அரசர் இஸ்லாத்தைத் தழுவினார் என்பது மரபாகச் சொல்லப்படும் ஆண்டு. இன்று குடிமக்கள் எல்லோரும் முஸ்லிம்கள், அரசியல் சட்டமே அப்படிச் சொல்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா வந்து இங்கே நீதிபதியாக இருந்தார், தீவுகளின் சோழி வங்காளத்தில் பணமாகப் புழங்கியது. இவை உறுதி. பிரிட்டன் பாதுகாப்பிலிருந்து விடுபட்டது 1965 ஜூலை 26, குடியரசானது 1968. இவையும் உறுதி. முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும்" வென்றதாக வருகிறதே, அது மாலத்தீவுதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கொள்கிறார்கள். ஆனால் பன்னீராயிரம் கவிஞரின் எண்ணிக்கை, கல்வெட்டு தீவின் பெயரையும் சொல்லவில்லை. அதனால் "என்று கருதப்படுகிறது" என்று முடியுங்கள். மாலைபோல இருப்பதால் மாலத்தீவு என்ற விளக்கமும் அப்படித்தான், அழகானது, நிரூபிக்கப்படாதது. அவர்கள் தங்கள் நாட்டை திவெஹி ராஜ்ஜே என்பார்கள், தீவுக்காரர்களின் நாடு.

கடைசியாக, முழுகிவிடுமா? 1988-லேயே இன்னும் முப்பது வருடத்தில் முழுகிவிடும் என்று செய்தித்தாள்கள் எழுதின. முழுகவில்லை. அதற்காகப் பயம் பொய் என்றும் ஆகாது. நிலத்தில் ஐந்தில் நாலு பங்கு கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் கீழான உயரத்தில் இருக்கிறது, கடல் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இது உறுதி. உலகத்தின் காதில் விழட்டும் என்று 2009 அக்டோபரில் ஜனாதிபதி முகமது நஷீது தன் அமைச்சர்களோடு முக்குளிப்பு உடையில் கடலடியில் அமைச்சரவைக் கூட்டமே நடத்தினார். ஆனால் மணல் தீவு கல்தரை மாதிரி அசையாமல் நின்று முழுகும் பொருள் அல்ல. எங்கள் தீவில் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பையன்கள் கைப்பந்து ஆடும் கடற்கரை ஒரு பக்கம் இருக்கும். காற்று மாறியதும் அந்த மணல் அப்படியே சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அவர்களும் வலையைப் பிடுங்கிக்கொண்டு மறுபக்கம் போவார்கள். பழைய விமானப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், பல பவளத்தீவுகள் சுருங்காமல் அப்படியே இருப்பதையும் சில வளர்ந்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள். தீவுக்கு மணல் தருவது பவளம், பவளம் உயிரோடு இருக்கும்வரை. 1998-லும் 2016-லும் கடல் சூடேறிப் பெருமளவு பவளம் வெளுத்துச் செத்தது. சுற்றிலும் கான்கிரீட் சுவர் கட்டிய தீவால் மணலை நகர்த்தவும் முடியாது. அதனால் எந்த ஆண்டில் முழுகும் என்று தேதி சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். முழுகுவதற்கு வெகுகாலம் முன்பே கிணறு உப்பாகி, அலை வீட்டுக்குள் வந்து, மக்கள் பெட்டியைக் கட்டும் நாள் வரலாம் என்று சொன்னால் நம்புவேன்.

ப்ராஜெக்டுக்கு இன்னும் இரண்டு சின்ன விஷயம். பணம் ரூஃபியா, அதில் நூறில் ஒரு பங்குக்குப் பெயர் லாரி. வகுப்பில் சிரிப்பார்கள், பரவாயில்லை. கொடி சிவப்பு, நடுவில் பச்சைச் செவ்வகம், அதற்குள் வெள்ளைப் பிறை. பிறையின் வளைந்த முதுகு கம்பத்தின் பக்கம் இருக்கவேண்டும், வாய் எதிர்ப்பக்கம். என் மாணவர்களிலேயே பாதிப் பேர் இதைத் திருப்பித்தான் வரைவார்கள்.